தூக்குக்குப் பன்னிரண்டு, கரும்புக் காட்டுக்கு ஒன்பது

(சட்டமும் சமூகமும் என்ற பொருளில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்கக் குற்றவியல் நீதியில் அடிமை முறையின் எச்சம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. ஒரு மணி நேரத்தில் அந்த நாடு முழுவதையும் சுற்றிக் காட்ட முயன்றால் எதையும் பார்த்ததாகாது. ஆகவே லூசியானா என்ற ஒரே மாநிலத்தில் இறங்கிக்கொள்கிறேன். அங்கும் ஒரே ஒரு சட்ட விதியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அந்த விதியில் வெள்ளையர், கறுப்பர் என்ற பேச்சே கிடையாது. ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். 1898இல் அதை எழுதினார்கள். 120 ஆண்டுகள் கழித்து மக்கள் வாக்களித்து அதை நீக்கினார்கள். அந்த விதியால் உள்ளே போனவர்கள் பலர் நீக்கிய பிறகும் உள்ளேயே இருந்தார்கள். அது எப்படி என்பதுதான் என் பேச்சு.

ஜூரியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே இருக்கும் மாணவர்கள் அதைத் திரைப்படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். நம் நாட்டிலும் அது இருந்தது. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி அல்ல என்றார்கள். அதை ஏற்க மறுத்த நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.  எட்டுக்கு ஒன்று என்று பிரிந்தாலும் நம் ஜூரி ஒரு முடிவைச் சொல்லிவிட முடிந்தது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்ட பழைய மரபு அப்படிப்பட்டதன்று. பன்னிரண்டு பேர் உட்கார வேண்டும், பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியும். ஒரே ஒருவர் ‘எனக்கு ஐயம் தீரவில்லை’ என்று உட்கார்ந்துவிட்டால், மற்றப் பதினொரு பேரும் அவரோடு பேசித்தான் ஆகவேண்டும். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதில்தான் நம் கதையே இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, 1865 டிசம்பரில் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்த அதே வாக்கியத்தின் நடுவே, குற்றத்துக்காக முறைப்படி தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. சூழ்ச்சிக்காரர் யாரோ கடைசி நேரத்தில் அதைச் செருகினார் என்று சிலர் பேசுவதுண்டு. அப்படியில்லை. 1787இல் வடமேற்கு நிலப்பகுதிக்காக எழுதிய பழைய சட்டத்திலும் இதே விலக்கு உண்டு. அந்த வாசகத்தைத்தான் பின்பற்றினார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று வடக்கிலிருந்தவர்கள் பெரிதாக யோசிக்கவில்லை. தெற்கில் பண்ணை வைத்திருந்தவர்கள் யோசித்தார்கள்.

திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய மாதமே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் ஜனவரியில் தனக்கு வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று காட்டவேண்டும். காட்டாதவர் ‘வேலையற்றுத் திரிபவர்’ ஆவார். அவருக்கு 50 டாலர் வரை அபராதம். ஐந்து நாளில் கட்டாவிட்டால், அந்தத் தொகையை யார் கட்டுகிறாரோ அவரிடம் ஷெரீப் அவரை வேலைக்கு ஒப்படைப்பார். ஒப்படைப்பது பெரும்பாலும் பழைய எஜமானிடமே என்று நான் சொல்லத் தேவையில்லை. 1876இல் அதே மாநிலம் பன்றித் திருட்டுக்கு ஐந்து ஆண்டுவரை சிறை என்று சட்டத்தைத் திருத்தியது. கைதிகளின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. கைதி கூடக் கூட அவனைக் குத்தகைக்கு எடுக்கவும் ஆள் கூடியது.

லூசியானாவில் அந்தக் குத்தகை சாமுவேல் லாரன்ஸ் ஜேம்ஸ் என்பவர் கையில் இருந்தது. தெற்கத்தியக் கூட்டரசின் படையில் மேஜராக இருந்தவர். மாநிலத்தின் கைதிகள் அத்தனை பேரையும் அவர் அரசிடம் குத்தகைக்கு எடுத்து, மிசிசிப்பி ஆற்றின் கரை கட்டவும் ரயில் பாதை போடவும் விட்டார். 1880இல் ஆற்றோரம் அங்கோலா என்ற பண்ணையை வாங்கினார். ஒரு காலத்தில் அது ஐசக் ஃபிராங்க்ளினுக்குச் சொந்தமாக இருந்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய அடிமை வியாபாரிகளில் ஒருவர் அவர். ஆப்பிரிக்காவின் அங்கோலாவிலிருந்து கொண்டுவந்த மனிதர்களை வைத்துப் பண்ணைக்கு அந்தப் பெயர். அடிமைகள் படுத்த கொட்டடிகளிலேயே கைதிகளையும் படுக்கவைத்தார்கள். குத்தகை ஓடிய முப்பது ஆண்டுகளில் சுமார் 3000 கைதிகள் இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அடிமையை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அவன் செத்தால் முதல் நட்டம். குத்தகைக்காரனுக்கு அந்தக் கவலையும் கிடையாது. ஒருவன் செத்தால் மாநிலம் இன்னொருவனை அனுப்பும்.

1901இல் குத்தகை முடிந்தது, பண்ணையை மாநிலமே எடுத்துக்கொண்டது. ஹோப், ஓக்லி என்ற கரும்புப் பண்ணைகளிலும் கைதிகளை வேலைக்கு விட்டது. குத்தகைக்காரன் பார்த்த லாபத்தை இனி அரசே பார்க்கலாம் என்ற எண்ணம். குத்தகை முடியப்போகிறது, அரசுக்கே ஆள் வேண்டும் என்ற இந்தக் காலத்தில்தான் நம்முடைய எண் பிறக்கிறது.

1898 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் அரசியல் சட்டப் பேரவை கூடியது. இதே மாநிலத்தில் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்த ஹோமர் பிளெஸ்ஸி வழக்கில், ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்று இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பேரவைக்கு வந்தவர்கள் நோக்கத்தை ஒளிக்கவில்லை. வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டத்தான் கூடியிருக்கிறோம் என்று நீதித்துறைக் குழுவின் தலைவர் தாமஸ் செம்ஸ் வெளிப்படையாகப் பேசினார். அது அச்சில் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் அப்படி எழுத முடியாது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து சட்டம் போட்டு விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1880இலேயே சொல்லியிருந்தது. பேரவை கூடுவதற்கு ஒரு வாரம் முன்புதான், லூசியானாவில் கறுப்பினத்தவரை ஜூரிகளிலிருந்து திட்டமிட்டு ஒதுக்குகிறார்களா என்று விசாரிக்கும்படி வாஷிங்டனில் செனட் தீர்மானம் போட்டது. எழுதவேண்டியதை எழுதாமல் எழுதவேண்டும்.

வாக்குரிமையில் அதைச் செய்த விதம் எல்லோரும் அறிந்ததே. படிப்பு வேண்டும், இல்லை சொத்து வேண்டும். ஆனால் 1867 ஜனவரி 1க்கு முன் உன் தகப்பனுக்கோ பாட்டனுக்கோ வாக்கு இருந்திருந்தால் இரண்டும் வேண்டாம். அந்த நாளில் எந்தக் கறுப்பினத்தவரின் பாட்டனுக்கு வாக்கு இருந்தது? அன்று மாநில மக்களில் ஏறத்தாழப் பாதி கறுப்பினத்தவர். அவர்களில் 1896இல் பதிவுபெற்ற வாக்காளர்கள் 130334 பேர். 1900இல் 5320 பேர். 1904இல் 1342 பேர்.

ஜூரியில் அவ்வளவு முழுமையாக அடைக்க முடியாது. ஒன்றிரண்டு கறுப்பினத்தவர் எப்படியும் உள்ளே வந்துவிடுவார்கள், வராவிட்டால் வாஷிங்டன் கேள்வி கேட்கும். வரட்டும், வந்து உட்காரட்டும், அவர்கள் சொல் மட்டும் எடுபடாமல் செய்துவிடலாம் என்று முடிவானது. பன்னிரண்டில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டால் போதும். மூன்று பேர் மறுத்தாலும் கவலையில்லை.

இந்த விதியை முழுக்கப் படித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். அதைப் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மரண தண்டனை வழக்குகளுக்குப் பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் தொடவேயில்லை. ஒன்பது போதும் என்றது, கட்டாயமாகக் கடின உழைப்புத் தண்டனை விதிக்கவேண்டிய குற்றங்களுக்கு மட்டும். தூக்குக்குப் பன்னிரண்டு, கரும்புக் காட்டுக்கு ஒன்பது. நீதிமன்றச் செலவைக் குறைக்க, வழக்குகளை வேகமாக முடிக்க என்று காரணம் சொன்னவர்கள் உண்டு. செலவுதான் கவலை என்றால் அதைத் தூக்கு வழக்குகளிலும் குறைத்திருக்கலாமே? ஆனால் தூக்கில் போடப்பட்டவனால் யாருக்கும் வேலை நடக்காது. கைதியின் உழைப்புக்காகவே இந்த வரம்பை இறக்கினார்கள் என்று சொல்லும் ஆவணம் இருப்பதாக நான் வாதாடவில்லை. அங்கே கூடியிருந்தவர்கள் எதை விரும்பினார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், எழுதியது கையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு 1898ஐவிட அச்சமூட்டுகிறது. எழுதியவர்கள் இறந்துபோனார்கள், எதற்காக எழுதினோம் என்ற நினைவும் அவர்களோடு போனது. எண் மட்டும் தங்கிவிட்டது. லூசியானாவின் வழக்கறிஞர்கள் சட்டக் கல்லூரியில் அதைப் படித்தார்கள், நீதிபதிகள் பயன்படுத்தினார்கள். நம் மாநிலத்தின் ஒரு வழக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்து மிச்சமாக இருக்கும் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். 1934இல் ஓரிகன் மாநிலமும் இதே மாதிரி ஒரு விதியைக் கொண்டுவந்தது. அங்கே குறி யூதர்கள் மேலும் குடியேறியவர்கள் மேலும். யூதர் ஒருவர் மேல் நடந்த கொலை வழக்கில் ஒரே ஒரு ஜூரர் பிடிவாதம் பிடித்ததால், மற்றவர்கள் விரும்பியபடி கொலைக் குற்றமாகாமல் சிறிய குற்றமாக முடிந்துவிட்டது என்ற கோபத்தில் வந்த விதி அது.

1972இல் இரண்டு மாநில விதிகளும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. அங்கே நடந்தது விசித்திரம். ஒருமித்த முடிவு எங்குமே தேவையில்லை என்றார்கள் நான்கு நீதிபதிகள். எங்கும் தேவை என்றார்கள் நான்கு பேர். ஒன்பதாமவர் லூயிஸ் பவல். மத்திய நீதிமன்றங்களில் தேவை, மாநிலங்களில் தேவையில்லை என்றார். கூட இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளாத அந்தக் கருத்து 48 ஆண்டுகள் நாட்டின் சட்டமாக இருந்தது. ஜூரியில் தனித்து நிற்பவரின் சொல் செல்லாது, நீதிபதிகளில் தனித்து நின்றவரின் சொல் செல்லும்! லூசியானா தன் பங்குக்கு 1974ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் ஒன்பதைப் பத்தாக்கியது. அப்போதும் வேகம், செலவு என்றுதான் பேசினார்கள். நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை, எண் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது.

பவலின் பெயரை நினைவில் வையுங்கள். 1987இல் ஜார்ஜியா மாநிலத்து மரண தண்டனைக் கைதி வாரன் மெக்கிளஸ்கியின் வழக்கு வந்தது. டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியர் அந்த மாநிலத்தில் 2000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்திருந்தார். மற்றக் காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பினத்தவரைக் கொன்றவரைவிட 4.3 மடங்கு அதிகம் என்று கண்டார். ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு வந்தது, எழுதியவர் பவல். புள்ளிவிவரம் சரி என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் உன் வழக்கில் உனக்கு எதிராக இன்னார் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார் என்று நீ நிரூபிக்க வேண்டும் என்றார். கூடவே ஒரு கவலையையும் எழுதினார்: இதை ஏற்றால் எல்லாத் தண்டனைகளையும் இதே போலக் கேள்வி கேட்பார்களே. ஓய்வுபெற்ற பிறகு, மாற்றிக்கொள்ள விரும்பும் வாக்கு ஏதாவது உண்டா என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் கேட்டார். உண்டு, மெக்கிளஸ்கி வழக்கு என்றார். மெக்கிளஸ்கியை 1991 செப்டம்பரில் மின்சார நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

இந்த இரண்டாவது தீர்ப்பாலும் 1898இன் எண் பத்திரமாக இருந்தது. நோக்கத்தைக் காட்டு, விளைவைக் காட்டாதே என்கிறது நீதிமன்றம். நோக்கமோ நூறு ஆண்டுக்கு முந்தைய பேரவைக் குறிப்புகளில் கிடக்கிறது, அதைத் தேடுவார் இல்லை. இதே காலத்தில் பிறந்த இன்னொரு எண்ணையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1986இன் போதைப்பொருள் சட்டப்படி 5 கிராம் கிராக் கொக்கெய்னுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனைதான் 2010 வரை 500 கிராம் கொக்கெய்ன் தூளுக்கு இருந்தது. கிராக் வழக்குகளில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அந்தச் சட்டத்திலும் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

லூசியானாவின் விதியை அசைத்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர்கள் அங்கோலாவின் கைதிகள். அந்தப் பண்ணை இன்றும் சிறைதான். 18000 ஏக்கர், மன்ஹாட்டன் தீவைவிடப் பெரியது, மூன்று பக்கமும் ஆறு. கைதிகள் வரிசையாக வயலில் வேலை செய்கிறார்கள், துப்பாக்கியோடு குதிரையில் காவலர் நிற்கிறார். கூலி மணிக்குச் சில சென்ட். மாநில மக்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர், சிறையிலோ மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாம் நிலைக் கொலைக்கு அங்கே பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கட்டாயம். அது மரண தண்டனை வழக்கு இல்லை என்பதால் அந்த விதி இருந்தவரை பத்துப் பேர் போதும் என்று இருந்தது. இரண்டு பேர் ஐயப்பட்டும் ஒருவர் சாகும்வரை உள்ளே இருக்கலாம் என்பதுதான் அதன் பொருளாக இருந்தது.

கால்வின் டங்கன் அங்கே 1980களிலிருந்து இருந்தார், செய்யாத கொலைக்காக. சிறைக்குள்ளேயே சட்டம் படித்து, மற்றக் கைதிகளுக்கு மனு எழுதிக்கொடுக்கும் வேலை பார்த்தார். மணிக்கு 20 சென்ட் கூலி. பத்துக்கு இரண்டு என்று வந்த வழக்குகள் ஒவ்வொன்றாக அவர் மேசைக்கு வந்தன. விதியின் பிறப்பைத் தோண்டினார். 28 ஆண்டுகள் கழித்து 2011இல் வெளியே வந்த பிறகும் விடவில்லை. வழக்குக்கு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடவைத்தார், தள்ளுபடியானால் அடுத்ததைப் போடவைத்தார். அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு 2021இல் துடைக்கப்பட்டது. சட்டக் கல்லூரியில் படித்துப் பட்டமும் வாங்கினார். நம்மில் பலர் சட்டம் படிப்பதும் அவர் படித்ததும் ஒன்றாகாது. இன்னொருவர் நாரிஸ் ஹெண்டர்சன். ஒருமித்த முடிவில்லாத ஜூரி தந்த தண்டனையில் 27 ஆண்டுகள் கழித்தவர். வெளியே வந்து, சிறை மீண்டவர்களுக்கான அமைப்பைக் கட்டி, 2018இன் பிரசாரத்துக்குத் தலைமை தாங்கினார்.

தாமஸ் ஐயெல்லோ என்ற வரலாற்றாசிரியர் 2015இல் இந்த விதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அட்வகேட் என்ற லூசியானா நாளிதழ் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, ஜூரி வாக்குப் பதிவுகளைச் சேகரித்தது. தண்டனையில் முடிந்த வழக்குகளில் சுமார் 40 விழுக்காட்டில் ஒருவரோ இருவரோ மறுத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவரானால் 43, வெள்ளையரானால் 33. அந்தத் தொடருக்கு 2019இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 2018 நவம்பரில், லூசியானா மக்கள் 64 விழுக்காடு வாக்களித்து விதியை நீக்கினார்கள். வலதுசாரி மாநிலம், வலதுசாரி அமைப்புகளும் ஆதரித்தன. எண்ணின் கதையை ஒருமுறை கேட்டவர்கள் அதைத் தாங்கிப்பிடிக்கத் தயங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த நீக்கம் 2019 ஜனவரி 1 முதல் நடக்கும் குற்றங்களுக்குத்தான் பொருந்தும். 2020 ஏப்ரலில், பத்துக்கு இரண்டு என்று தண்டிக்கப்பட்ட எவாஞ்செலிஸ்டோ ராமோஸின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இன் பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. 1898 பேரவையின் நோக்கத்தை நீதிபதி நீல் கோர்சச் தீர்ப்பிலேயே எடுத்து எழுதினார். மறுத்தவர்கள் மூவர், அவர்களில் தாராளவாதி எனப்படும் எலீனா கேகனும் உண்டு, பழைய தீர்ப்புகளை எளிதில் கலைக்கக் கூடாது என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டே அவர் வேறு பக்கம் நின்றதைப் பார்க்கிறோம். 2021 மேயில், ஏற்கெனவே மேல்முறையீடு முடிந்துபோனவர்களுக்கு ராமோஸ் தீர்ப்பு பொருந்தாது என்று ஆறு நீதிபதிகள் சொன்னபோது, அவ்வளவு அடிப்படையான உரிமை என்று சொல்லிவிட்டு எப்படிக் கைவிடுகிறீர்கள் என்று காரசாரமாக எழுதியவர் கேகன்.

மாநிலங்கள் விரும்பினால் தாங்களாகவே பழைய வழக்குகளைத் திறக்கலாம். 2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் லூசியானா ஆளுநர் ஹோமர் பிளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கினார். 25 டாலர் அபராதம் கட்டி, இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆனவருக்கு. அக்டோபரில் அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், உயிரோடு இருக்கும் கைதிகளின் பத்துக்கு இரண்டு வழக்குகளைத் திறக்க முடியாது என்றது. அப்படிப்பட்டவர்கள் 1500 பேருக்கு மேல் என்று அவர்களுக்காக வாதாடியவர்கள் கணக்கிட்டிருந்தார்கள், ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். ஆளுநர் வேறு, நீதிமன்றம் வேறு என்பது தெரிந்ததுதான். என்றாலும் இறந்தவரை மன்னிப்பதற்குச் செலவில்லை. நவம்பரில், குற்றத்துக்குத் தண்டனையாகக்கூட அடிமைத்தனம் கூடாது என்ற திருத்தத்தை லூசியானா வாக்காளர்கள் நிராகரித்தார்கள். வாசகம் குழப்பமாகிவிட்டது, எதிர்த்து வாக்களியுங்கள் என்று அதைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினரே கேட்டுக்கொண்ட கூத்து அது. அதே நாளில் அதே பொருளில் ஓரிகன் ஆம் என்றது. டிசம்பர் 30இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் பழைய வழக்குகளையும் திறந்துவிட்டது.

லூசியானா நீதிமன்றம் சொன்ன காரணத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். சாட்சிகள் இறந்திருப்பார்கள், தடயங்கள் தொலைந்திருக்கும், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் மறுபடி நீதிமன்றப் படி ஏறவேண்டும். இவை மெய்யான சங்கடங்கள். ஓரிகனிலும் இதே சங்கடங்கள் இருந்தன. பவல் 1987இல் பட்ட கவலைதான் இது: திருத்தப் புகுந்தால் நிறைய திருத்தவேண்டியிருக்குமே.

ராமோஸை மறுபடி விசாரித்தார்கள். 2023இல் புதிய ஜூரியின் பன்னிரண்டு பேரும் அவர் குற்றவாளி அல்ல என்றார்கள், அவர் வீட்டுக்குப் போனார். 2020 ஏப்ரலில் அவருடைய மேல்முறையீடு முடியாமல் இருந்தது. மற்றவர்களுடையது அதற்கு முன்பே முடிந்திருந்தது.